பெயரும் பெயர்ப்பும்: பெண்மீது பெண் கொள்ளும் காதலைக் காட்டும் இந்தியத் திரைப்படங்களின் மொழி

0. முன்னுரை

1996இல் தீபா மேத்தா இயக்கிய 'ஃபயர்' திரைப்படத்தில், ஒரே வீட்டில் மருமக்களாக வாழும் பெண்கள் இருவர் ஒருவர்மீது ஒருவர் காதல் கொள்கின்றனர். அவர்களுள் இளையவளான சீதா, தங்கள் உறவையும் உணர்வையும் குறிக்கத் தம் மொழியில் சொல் இல்லை என்று மூத்தவளான ராதாவிடம் கூறுகிறாள். படத்தைப் பற்றி எழுதிய திறனாய்வாளர் பலர் இக்கூற்றை எடுத்துக்காட்டியுள்ளனர். பெரும்பாலோர் அதனை ஒரு சமூக உண்மையாகவே ஏற்றுக்கொண்டனர். ஆனால் 'ஒரு மொழியில் ஒரு சொல் இல்லை' என்பது மொழியியலார் சோதித்தறிய வேண்டிய கருத்து. அச்சொல்லை வேறொரு மொழியில் பெயர்க்க வேண்டிய மொழிபெயர்ப்பாளருக்கோ அது நேரடியான தொழிற்சிக்கல்.

பெண்கள் இருவரின் காதலைக் காட்டும் இந்தியப் படங்கள் சிலவற்றின் மொழியை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. ஆங்கிலத்தில் எடுக்கப்பட்டு இந்தியில் மொழிமாற்றம் பெற்ற 'ஃபயர்', பத்மராஜனின் மலையாளப் படமான 'தேசாடனக்கிளி கரயாறில்ல' (1986), லிஜி புல்லாப்பள்ளியின் மலையாளப் படமான 'சஞ்சாரம்' (2004), ஷெல்லி சோப்ரா தரின் இந்திப் படமான 'ஏக் லட்கீ கோ தேகா தோ ஐசா லகா' (2019) ஆகிய நான்கும் இங்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. இவற்றைத் தமிழில் பெயர்ப்பவர், சப்டைட்டில் வரி எழுதுபவர், இவற்றைப் பற்றித் தமிழில் எழுதுபவர் ஆகியோர் எதிர்கொள்ளும் இலக்கணச் சிக்கல்களும் சொற்சிக்கல்களும் இக்கட்டுரையின் பொருளாகும்.

1. சொல் இல்லை என்னும் கூற்று

சீதாவின் கூற்றில் முதலில் நோக்கத்தக்கது அது சொல்லப்படும் மொழி. கதை நிகழும் இடம் தில்லி. குடும்பமோ கடை நடத்தும் நடுத்தர வகுப்புக் குடும்பம். அவர்கள் வீட்டில் பேசும் மொழி ஆங்கிலமன்று என்பது பார்வையாளருக்குத் தெரியும். ஆயினும் படத்தின் மூல மொழி ஆங்கிலம். எனவே 'நம் மொழி' என்று சீதா சுட்டும் மொழி, பார்வையாளர் காதில் விழாத மொழி. ஒரு மொழியின் குறையை மற்றொரு மொழி பேசுகிறது. இக்கூற்று இந்திக்கு மாறும்போது மொழி தன்னைத்தானே குறை கூறுவதாகிவிடுகிறது.

தமிழில் பெயர்க்கும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. உளப்பாட்டுத் தன்மைப் பன்மையையும் உளப்படுத்தாத தன்மைப் பன்மையையும் தமிழ் வேறுபடுத்தும். சீதா ராதாவையும் உட்படுத்திப் பேசுவதால் 'எங்கள் மொழியில்' என்பது பொருந்தாது. 'நம் மொழியில்' என்பதே இலக்கணத்திற்கு ஒத்தது. ஆனால் 'நம்' என்னும் சொல் ராதாவோடு நில்லாது தமிழ்ப் பார்வையாளரையும் உளப்படுத்திக்கொள்ளும். அதனால் சீதா தமிழைப் பற்றிப் பேசுகிறாள் என்று பொருள்படும். ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வழக்கு தமிழ் வடிவத்தில் தமிழின்மீதே தொடுக்கப்படுகிறது. இதனைத் தவிர்க்க விரும்பும் பெயர்ப்பாளர் 'நாம் பேசும் மொழியில்' என விரித்துக் கூறலாம். அவ்வாறு செய்தால் அவ்விருவரின் மொழி என்னும் எல்லையேனும் ஓரளவு காக்கப்படும்.

இக்கூற்று உண்மைதானா என்பது அடுத்த வினா. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இலக்னௌவைச் சூழ்ந்து வளர்ந்த 'ரேக்தீ' என்னும் உருதுக் கவிதை வகையில், பெண்ணுக்குக் காதலியாக விளங்கும் பெண்ணைக் குறிக்கத் 'தோகானா', 'ஜனாகீ' முதலிய சொற்கள் வழங்கியுள்ளன. ரூத் வனிதாவும் சலீம் கித்வாயும் 2000ஆம் ஆண்டில் தொகுத்து வெளியிட்ட நூலும், பின்னர் ரேக்தீ பற்றி வனிதா எழுதிய நூலும் இவற்றை விரிவாக எடுத்துக்காட்டியுள்ளன. எனவே சீதாவின் மொழியோடு நெருங்கிய உறவுடைய மொழியில் சொற்கள் இருந்தன, அவை வழக்கொழிந்தன. சொல் தோன்றாமைக்கும் சொல் இழக்கப்பட்டமைக்கும் இடையிலான வேறுபாடு சிறிதன்று. முன்னது மொழியின் இயல்பு. பின்னது மொழிக்கு நேர்ந்த வரலாறு. பாத்திரத்தின் கூற்று அவள் அறியாமையைக் காட்டுவதாகக் கொள்ளலாம். ஆனால் அதனையே மொழியின் இயல்பென எடுத்துரைத்த திறனாய்வு பிழையானது.

2. பெயர் மாற்றமும் ஒலி நீக்கமும்

சொல் இல்லாத இடத்தில் இவ்வுறவு பொதுவெளியில் எவ்வாறு வழக்கிற்கு உள்ளாயிற்று என்பதற்கு 1942இல் வெளிவந்த இஸ்மத் சுக்தாயின் 'லிஹாஃப்' என்னும் உருதுச் சிறுகதை முற்சான்று. 'ஃபயர்' படத்தில் இக்கதையின் சாயல் உண்டு எனப் பலரும் குறிப்பிட்டுள்ளனர். கதை சொல்பவள் சிறுமி. தான் கண்டது இன்னதென்று அறியாதவள். அதனால் உறவின் பெயர் கதையில் வருவதில்லை. இக்கதைக்காக ஆசிரியர்மீது இலாகூரில் ஆபாச வழக்குத் தொடரப்பட்டது. கதையில் ஆபாசமான சொல் எது என்பதைச் சாட்சிகளால் நிறுவ இயலவில்லை. அவ்வழக்கிலிருந்து சுக்தாய் விடுபட்டார்.

'ஃபயர்' இந்தியாவில் 1998 நவம்பரில் திரையிடப்பட்டது. தணிக்கை வாரியம் காட்சிகளை வெட்டவில்லை. ஆனால் இந்தி வடிவத்தில் சீதா என்னும் பெயர் நீதா என மாற்றப்பட்டது. இது ஓர் எழுத்தின் மாற்றம் எனினும், மொழிபெயர்ப்பு நோக்கில் படத்தின் அமைப்பையே தொடும் மாற்றம். இராமகாதையில் தீக்குளித்தவள் சீதை. படத்தின் இறுதியில் தீயினூடே கடந்து வருபவளோ ராதா. காவியத்தில் ஒருத்திக்கு நிகழ்ந்தது படத்தில் மற்றொருத்திக்கு நிகழ்கிறது. இந்த இடமாற்றம் புலப்பட வேண்டுமாயின் இருவருள் ஒருத்தியின் பெயர் சீதாவாக இருத்தல் வேண்டும். நீதா என்னும் பெயருக்கு அத்தகைய முன்வரலாறு இல்லை. ஆகவே இந்தி வடிவத்தின் இறுதிக் காட்சி, பெயரால் பெற வேண்டிய பொருளை இழந்து வெறும் தீ விபத்தாகச் சுருங்கிவிடுகிறது.

1998 டிசம்பர் தொடக்கத்தில் மும்பையிலும் தில்லியிலும் இப்படம் ஓடிய அரங்குகள் தாக்கப்பட்டன. படம் மீண்டும் தணிக்கைக்கு அனுப்பப்பட்டு, 1999இல் வெட்டின்றித் திரும்ப வெளிவந்தது. தாக்குதலைக் கண்டித்துத் தில்லியில் நடந்த மெழுகுவத்திக் கூட்டத்தில் 'இந்தியன்', 'லெஸ்பியன்' என்னும் இரு சொற்களையும் 'உம்' பொருள் தரும் இணைப்புச் சொல்லால் பிணைத்த ஓர் அட்டை ஏந்தப்பட்டது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்தா என்பதே எதிர்த்தரப்பின் வாதம். அவ்வாதத்திற்கு விடையாக அமைந்தது ஓர் எண்ணும்மைத் தொடர். படத்திற்குள் சொல் இல்லை என்று சீதா கூறினாள். அரங்கிற்கு வெளியே பெண்கள் ஒரு கடன்சொல்லை எடுத்துத் தம் பெயராக்கிக்கொண்டனர்.

2015இல் வெளிவந்த 'தம் லகா கே ஹைஷா' என்னும் இந்திப் படத்தில் 'லெஸ்பியன்' என்னும் அச்சொல்லே தணிக்கையால் ஒலிநீக்கம் செய்யப்பட்டது. அப்படம் இப்பொருள் பற்றியதன்று. சொல் உரையாடலில் வந்துபோவது மட்டுமே. 1940களில் சுட்டிக்காட்டச் சொல் அகப்படவில்லை. 1998இல் ஒரு பெயர் மாற்றப்பட்டது. 2015இல் பொதுச்சொல்லே அழிக்கப்பட்டது. இம்மூன்றையும் ஒருசேர நோக்கினால், சொல்லின்மை என்பது மொழியின் இயற்கை என்னும் கருத்து நில்லாமை விளங்கும்.

3. பால் காட்டும் இலக்கணம்

பெண்கள் இருவரின் காதலைப் பேசும் உரையாடலில் எவ்விடத்தில் பால் வெளிப்படுகிறது, எவ்விடத்தில் மறைகிறது என்பது மொழிக்கு மொழி வேறுபடும். ஆங்கிலத்தில் படர்க்கை ஒருமைப் பெயர் மட்டுமே ஆண், பெண் வேறுபாட்டைக் காட்டும், வினை காட்டாது. இந்தியில் படர்க்கைப் பெயர் பால் காட்டாது. ஆனால் வினை பல காலங்களில், தன்மையிலும் முன்னிலையிலும்கூட, பால் காட்டும். மலையாளத்தில் படர்க்கைப் பெயர் பால் காட்டும். வினையோ திணை, பால், எண், இடம் எதனையும் காட்டாது. தமிழில் படர்க்கைப் பெயரும் படர்க்கை வினைமுற்றும் பால் காட்டும்; தன்மை, முன்னிலை வினைமுற்றுகள் ஆண்பால் பெண்பால் காட்டா. இவ்வேறுபாடு இலக்கண நூல்களில் அட்டவணையாக முடிந்துவிடும் செய்தி. இத்தகைய படங்களிலோ கதையே அதன்மேல் நிற்பதுண்டு.

3.1. 'சஞ்சாரம்' படத்தின் கடிதங்கள்

'சஞ்சாரம்' கேரளத்துச் சிற்றூர் ஒன்றில் வளரும் கிரண், டெலீலா என்னும் இரு பெண்களின் கதை. ராஜன் என்னும் இளைஞன் டெலீலாவை விரும்புகிறான். அவனுக்காகக் காதற் கடிதங்களை எழுதித் தருபவள் கிரண். ஆணின் பெயரால் செல்லும் அக்கடிதங்களில் உள்ள உணர்வு அவளுடையது. பிறர்பொருட்டுக் கடிதம் எழுதித் தன் காதலைச் சொல்லும் உத்தி உலக இலக்கியத்தில் முன்னரே உள்ளது. ஆனால் எழுதுபவள் பெண்ணாகவும் பெயர் தருபவன் ஆணாகவும் அமையும்போது, அவ்வுத்தி மொழியின் இலக்கணத்தைச் சார்ந்து நிற்கிறது.

மலையாளத்தில் 'ஞான் ஸ்நேகிக்குன்னு' என்று எழுதுபவர் ஆணா பெண்ணா என்பதை அத்தொடர் காட்டாது. ஆதலால் கிரண் தன் உள்ளத்தை ஓர் எழுத்தும் திரிக்காமல் எழுதலாம்; ராஜன் அதில் ஓர் எழுத்தும் மாற்றாமல் தன் பெயரை இடலாம். அவள் எழுதியதில் பொய் இல்லை. கையொப்பம் மட்டுமே பொய். கிரண் என்னும் பெயரும் இந்தியாவில் இருபாலார்க்கும் வழங்கும் பெயராதல் ஈண்டுக் கருதத்தக்கது.

இதே கடிதத்தை இந்தியில் பெயர்த்தால் நிலைமை மாறும். 'கர்தா ஹூன்' என எழுதினால் ஆண். 'கர்தீ ஹூன்' என எழுதினால் பெண். ராஜன் பெயரில் செல்ல வேண்டிய கடிதத்தில் கிரண் ஆண்பால் வடிவத்தையே எழுத வேண்டியிருக்கும். ஒவ்வொரு முற்றிலும் அவள் தன்னை ஆணாக்கிக்கொள்ள வேண்டும். மலையாளத்தில் அவள் தன் குரலிலேயே பேசுகிறாள். இந்தியில் வேடமிட்டுப் பேசுகிறாள். கதை ஒன்றுதான், ஆயினும் காதலின் தன்மை வேறாகிவிடுகிறது. இந்திப் பெயர்ப்பாளர் இதனைத் தவிர்க்க வேண்டுமாயின், 'நே' உருபு ஏற்கும் இறந்தகாலத் தொடர்களையும் விழைவு வடிவங்களையும் தேர்ந்து கடிதத்தை அமைக்க வேண்டும். அவற்றில் எழுவாயின் பால் வெளிப்படாது.

தமிழ்ப் பெயர்ப்பாளருக்கு இச்சிக்கல் இல்லை. 'நான் உன்னைக் காதலிக்கிறேன்' என்பது பால் காட்டாத தொடர். ஆனால் கடிதத்தில் 'உன் அன்பன்', 'உன் காதலன்' முதலிய முடிப்புத் தொடர்களைப் பழக்கத்தால் சேர்த்துவிடும் பெயர்ப்பு, மூலத்தின் நுட்பத்தை ஒரே சொல்லால் கெடுத்துவிடும். தமிழ் தானாகத் தந்த வாய்ப்பை மரபுத்தொடரால் இழத்தல் கூடாது.

3.2. மறைத்தலும் பொய்த்தலும்

'ஏக் லட்கீ கோ தேகா தோ ஐசா லகா' என்னும் படத்தலைப்பு, '1942: எ லவ் ஸ்டோரி' (1994) படத்தின் புகழ்பெற்ற பாடலிலிருந்து எடுக்கப்பட்டது. 'ஒரு பெண்ணைக் கண்டபோது இவ்வாறு தோன்றியது' என்பது பொருள். 1994இல் கண்டவன் ஆண் என்பதில் ஐயமில்லை. பாடிய பாத்திரத்தை ஏற்றவர் அனில் கபூர். 2019இல் அதே நடிகர் தந்தையாக வருகிறார். பெண்ணைக் கண்டவள் அவர் மகள் ஸ்வீட்டி. தலைப்பில் ஓர் அசையும் மாறவில்லை. இது இயன்றதற்குக் காரணம் தொடரின் அமைப்பு. கண்டவர் யார், தோன்றியது யாருக்கு என்னும் இரண்டும் தொக்கு நிற்கின்றன. தொக்கு நிற்கும் வடிவங்களை விரித்தாலும் அவை பால் காட்டா. முற்றுகளும் பொதுவடிவில் நிற்கின்றன. தமிழிலும் 'எனக்கு' என்னும் நான்காம் வேற்றுமை தொக்கு நிற்கத் 'தோன்றியது' என ஒன்றன்பாலில் முடிவதால் இத்தலைப்பை இழப்பின்றிப் பெயர்க்கலாம்.

படத்தின் முற்பகுதியில் ஸ்வீட்டி யாரையோ காதலிப்பதைக் குடும்பம் உணர்கிறது. அவர் ஒரு முஸ்லிம் இளைஞர் என முடிவு செய்கிறது. உண்மையில் அவள் காதலிப்பது குஹூ என்னும் பெண்ணை. இத்தகைய கதைப்பின்னலில், மறைக்கும் பாத்திரம் பொய் சொல்லாமல் மறைக்க மொழி இடம் தருகிறதா என்பது முக்கியமானது. இந்தியில் 'கிஸீ' என்னும் வேற்றுமை ஏற்ற சுட்டற்ற பெயர் பால் காட்டாது. கேட்பவர் தாமே ஆண் எனக் கொள்வர். பிழை கேட்பவருடையது. தமிழில் இதனை 'ஒருவனைக் காதலிக்கிறேன்' எனப் பெயர்த்தால் பாத்திரம் பொய் கூறியவளாகிறாள். 'ஒருத்தியை' எனப் பெயர்த்தால் கதை முதற்காட்சியிலேயே முடிகிறது. 'ஒருவரை', பேச்சுவழக்கில் 'ஒருத்தரை' என்பதே ஏற்றது. தமிழின் உயர்வுப் பன்மையாகிய 'அவர்', பேச்சுவழக்கின் 'அவங்க' ஆகியன பால் மறைக்கும் ஆற்றலுடையவை. மனைவி கணவனைக் குறிக்க மரபாக வழங்கிவந்த 'அவர்' என்னும் சொல், தன் காதலியைக் குறிக்க வேண்டிய பெண்ணுக்கும் அதே மதிப்போடு பயன்படுகிறது. மறைத்தலுக்கும் பொய்த்தலுக்கும் இடையில் உள்ள எல்லை ஒரு விகுதியில் அடங்கியுள்ளது.

இத்தகைய வாழ்க்கையை வாழும் பெண்கள் அலுவலகத்திலும் வீட்டிலும் நாள்தோறும் இவ்விகுதியைத் தேர்ந்தே பேச வேண்டியுள்ளது. திரைப்படத்தின் பெயர்ப்பில் அதனைக் கவனியாது விடுபவர், அப்பெண்களின் பேச்சுத்திறனையே கவனியாது விட்டவராவார்.

4. உறவுச்சொற்கள்

'ஃபயர்' படத்தில் ராதா அண்ணனின் மனைவி. சீதா தம்பியின் மனைவி. இந்தியில் இவ்வுறவுக்கு மூத்தவள், இளையவள் என வேறுபட்ட இரு சொற்கள் உண்டு. 'ஜேட்டானீ', 'தேவ்ரானீ' என்பன அவை. அவ்விணையில் ஏற்றத்தாழ்வு சொல்லிலேயே அமைந்துள்ளது. ஆங்கிலத்தில் உள்ள சொல்லோ நாத்தனார், கொழுந்தி, ஓரகத்தி எல்லோரையும் ஒன்றாக்கிவிடும். தமிழில் 'ஓரகத்தி' என்பது இருவர்க்கும் ஒப்ப வழங்கும் சொல். ஓர் அகத்தில் வாழ்பவள் என்பதே அதன் சொற்பொருள். இருவரும் ஒருவர்க்கொருவர் ஓரகத்தியே. இவ்வுறவைக் குறிக்க 'அண்ணி' என்றோ 'அக்கா' என்றோ விளிச்சொல் அமைத்தால் மூத்தவள் இளையவள் என்னும் வரிசை முன்னிற்கும். கதை சுட்ட விரும்பும் சமநிலை பின்தள்ளப்படும். விளிகளில் வரிசையைக் காட்டித் தொடங்கி, உறவு மாறும் இடத்தில் பெயர் சொல்லி அழைப்பதாக மாற்றுவது ஒரு வழி. எவ்வழியாயினும், அம்மாற்றம் எக்காட்சியில் நிகழ வேண்டும் என்பதைப் பெயர்ப்பாளர் முன்னரே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஆங்கில மூலம் அதனை அவருக்குச் சொல்லித்தராது.

'தோழி' என்னும் சொல் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். காதலியைக் குறிக்கும் இடத்தில் கூச்சத்தால் 'தோழி' என எழுதும் வழக்கம் திரைப்பட விமரிசனங்களில் காணப்படுகிறது. அகமரபில் தோழி காதலைக் கேட்பவள், உரைப்பவள், கூட்டுவிப்பவள், காதலிக்கப்படுபவள் அல்லள். அச்சொல்லை இங்கு இடுவதால் உறவு மென்மையாகக் கூறப்படவில்லை, இல்லாததாக்கப்படுகிறது. பெண் பேசும் பேச்சில் 'என் காதலி' என வருவது தமிழ்க் காதுக்குப் புதிதாக இருக்கலாம். ஆனால் அதில் இலக்கண வழு எதுவும் இல்லை.

5. சேர்க்கையும் ஈர்ப்பும்

செய்தி நிறுவனங்களும் தொலைக்காட்சிகளும் நெடுங்காலம் வழங்கிய தமிழ்ச்சொல் 'ஓரினச்சேர்க்கை'. இதன் தலைமைச் சொல் 'சேர்க்கை'. அது ஒரு செயலைக் குறிக்கும் தொழிற்பெயர். அதனோடு '-ஆளர்' சேர்த்து 'ஓரினச்சேர்க்கையாளர்' என ஆக்கும்போது, ஒருவர் அச்செயலால் மட்டுமே வரையறுக்கப்படுகிறார். மேலும் 'இனம்' என்னும் சொல் குலம், சாதி, மக்களினம் ஆகியவற்றைக் குறிக்கும் வழக்குடையது; பாலைக் குறிக்க அது தெளிவான சொல்லன்று. 'சஞ்சாரம்' போன்ற படத்தின் கதைச்சுருக்கத்தில் இச்சொல்லை இடுதல் பொருந்தாது. அப்படத்தின் பெரும்பகுதியில் நிகழ்வன கடிதம், பார்வை, காத்திருத்தல் ஆகியவையே.

மலையாளத்தில் இதனையொத்த வேறுபாடு காணப்படுகிறது. 'ஸ்வவர்கரதி' என்பதில் ரதி தலைமைச் சொல். 'ஸ்வவர்காநுராகம்' என்பதில் அநுராகம் தலைமைச் சொல். தமிழில் 'தன்பாலீர்ப்பு' என்னும் ஆக்கம் இப்பின்னதற்கு நெருங்கியது. ஈர்ப்பு என்பது செயலைச் சாராது ஒருவரின் இயல்பைக் குறிக்கிறது. 'ஓரினம்' என்பதன் இடத்தில் 'தன்பால்' வந்ததால் பொருளும் தெளிவடைந்தது.

இச்சொற்றேர்வு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. மதுரையைச் சேர்ந்த இரு பெண்கள் சேர்ந்து வாழ வேண்டிப் பெற்றோரை விட்டுச் சென்னைக்கு வந்து, சென்னை உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கோரினர். 2021 ஜூன் மாதத்தில் அவ்வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விரிவான ஆணை பிறப்பித்தார். அவ்வழக்கின் தொடர்ச்சியாகவே இத்தகையோரைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களின் தொகுதியை உருவாக்கும் பணி நடைபெற்றது. 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அச்சொற்றொகுதியை அரசிதழில் வெளியிட்டது. இரு பெண்கள் ஒரு வீட்டில் வாழ வேண்டும் என்று கேட்டதன் விளைவாக ஒரு மொழியின் கலைச்சொல் தொகுதி பிறந்தது என்பது சொல்லாக்க வரலாற்றில் குறிக்கத்தக்க நிகழ்ச்சி.

இவ்வகைச் சொற்களுள் 'பால்புதுமையர்' என்பது தனியே நோக்கத்தக்கது. 'புதுமை' புதிதாதலைக் குறிக்குமாயின், இவ்வுறவு அண்மையில் வந்தது என்னும் தவறான எண்ணத்திற்கு இடம் தரலாம். ஆனால் புதுமை என்பதற்கு வியப்பு, அதிசயம் என்னும் பொருளும் உண்டு; கத்தோலிக்கத் தமிழில் 'புதுமைகள்' என்பது இன்றும் அற்புதங்களைக் குறிக்கும். விந்தையானது என்று பிறர் இகழ வழங்கிய ஆங்கிலச் சொல்லை அதற்குரியோர் மதிப்புடைய பெயராக மாற்றிக்கொண்டதை நோக்க, வியப்புப் பொருளுடைய இத்தமிழ்ச்சொல் அவ்வரலாற்றை ஓரளவு தாங்கி நிற்கிறது எனலாம்.

கலைச்சொல் எத்துணைச் செம்மையாயினும், அதற்குரிய இடம் எது என்பதை மறத்தல் கூடாது. கட்டுரையிலும் செய்தியிலும் சட்டத்திலும் 'தன்பாலீர்ப்பு' வேண்டும். காதலர் இருவரின் உரையாடலில் மூலம் சொல்லாத பெயரைப் பெயர்ப்பாளர் சொல்லுதல் கூடாது. 'ஃபயர்' படத்துச் சீதா சொல் இல்லை என்று கூறும் இடத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு கலைச்சொல்லைத் தருவது, அவளுக்கு உதவி செய்வதாகாது. அவள் பேச்சை இடைமறிப்பதாகும்.

6. அறத்தொடு நிற்றல்

தன் காதலை வீட்டார்க்குத் தெரிவிக்கும் செயலை ஆங்கில மரபுத்தொடரைப் பின்பற்றி 'வெளியே வருதல்' என எழுதும் வழக்கம் தமிழில் பரவிவருகிறது. தமிழில் சிறையிலிருந்தும் மருத்துவமனையிலிருந்தும் மனிதர் வெளியே வருவர்; நூல் வெளிவரும். காதல் அவ்வாறு வருவதில்லை. இச்செயலுக்குத் தமிழ் இலக்கண மரபில் 'அறத்தொடு நிற்றல்' என்னும் துறையே உண்டு. தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையர்க்கும் களவை முறையாக உரைப்பது அத்துறை. ஊரார் பேச்சுக்கு 'அலர்' என்றும், உடன் செல்லுதலுக்கு 'உடன்போக்கு' என்றும் பெயர் உண்டு. இம்மரபு ஆண்பெண் காதலுக்கு வகுக்கப்பட்டது என்பதில் மாறுபாடில்லை. எனினும் இச்சொற்கள் குறிக்கும் செயல்கள் காதலர் யாவர் என்பதைப் பொறுத்தன அல்ல.

இவ்வளவைகளைக் கொண்டு நோக்கினால் படங்களின் நிறைகுறைகள் தெளிவாகத் தோன்றும். 'தேசாடனக்கிளி கரயாறில்ல' படத்தில் நிம்மி, சாலி என்னும் பள்ளி மாணவியர் இருவர் சுற்றுலாவின்போது தப்பிச் செல்கின்றனர். இஃது உடன்போக்கே. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் அறத்தொடு நிற்பார் எவரும் இல்லை. அவர்கள் உறவுக்குப் படம் பெயரிடுவதில்லை. இறுதியில் இருவரும் இறந்து கிடக்கின்றனர். தலைப்பில் உள்ள 'கரயாறில்ல' என்பது தமிழரை ஏமாற்றக்கூடியது. மலையாளத்தில் கரைதல் அழுதலைக் குறிக்கும். தமிழில் காகம் கரையும், உப்புக் கரையும். 'தேசம் திரியும் கிளி அழுவதில்லை' என்பதே பொருள். உற்றார்க்கு உரைக்கும் வாய் இல்லாதவர்க்கு அழுகையும் இல்லை என்னும் துயரம் அத்தலைப்பில் அடங்கியுள்ளது.

'சஞ்சாரம்' இம்முடிவை மாற்றியது. டெலீலாவுக்கு வேறொருவரோடு திருமணம் நிகழும் வேளையில் இறக்கத் துணியும் கிரண், இறவாது திரும்புகிறாள். இரு பெண்கள் சேர்ந்து உயிர்விட்ட செய்திகள் கேரளத்தில் அடுத்தடுத்து வந்த காலம் அது. 2002இல் அங்குத் தொடங்கப்பட்ட 'சஹயாத்ரிகா' அமைப்பு எடுத்துக்கொண்ட முதன்மைச் சிக்கல்களுள் ஒன்று இத்தகைய தற்கொலைகள். அச்சூழலில் ஒரு பாத்திரம் திரும்பி நடப்பது கதை முடிவு மட்டுமன்று.

'ஏக் லட்கீ' படத்தில் ஸ்வீட்டியின் காதலை நாடகமாக எழுதி ஊரார்முன் வைப்பவன் சாஹில் என்னும் ஆண். பெண்ணின் கதையை ஆண் சொல்ல வேண்டியதாயிற்றே என்பது படத்தின்மீது எழுந்த குறை. அறத்தொடு நிற்றலின் வழியில் நோக்கினால் சாஹில் ஏற்பது தோழியின் இடம். தலைவி தானே தந்தையிடம் உரைப்பது மரபன்று. ஒருவர் உரைக்க வேண்டும். அவ்வளவில் அக்குறை வலுவற்றது. ஆனால் வேறொரு குறை எஞ்சுகிறது. காதலிக்கப்படும் குஹூவுக்குப் படத்தில் பேச்சு மிகக் குறைவு. அகப்பாடல்களில் காதலர் இருவர்க்கும் கூற்று உண்டு. இங்கு ஒருத்தியின் கூற்றே கேட்கப்படுகிறது. மற்றொருத்தி கூற்றிற்குரிய பொருளாக மட்டும் நிற்கிறாள். தந்தையின் மனமாற்றத்திற்குத் தந்த நேரத்தில் ஒரு பகுதியை அவளுக்குத் தந்திருந்தால் தலைப்பின் இலக்கணம் கதையிலும் நிறைவேறியிருக்கும்.

7. முடிவுரை

உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் நாள், வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் தன்பாலுறவை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவிலிருந்து விலக்கியது. 2023 அக்டோபர் 17ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில், அவர்தம் திருமணத்திற்குச் சட்ட ஏற்பு அளிக்க மறுத்தது. அகமரபின் சொல்லால் கூறுவதாயின், அறத்தொடு நிற்கலாம்; வரைவுக்கு வழி இல்லை. இந்நிலையில் இவ்வுறவைக் காட்டும் படங்கள் இன்னும் பல வரும். அவை மொழிவிட்டு மொழி பெயரும்.

அவற்றைத் தமிழாக்குவோர் மூன்று செய்திகளை மனங்கொள்ளுதல் நன்று. முதலாவதாக, மூலம் மறைக்கும் பாலைத் தமிழ் விகுதியால் வெளிப்படுத்தாமலும், மூலம் வெளிப்படுத்தும் பாலைத் 'தோழி' முதலிய சொற்களால் மறைக்காமலும் இருத்தல். இரண்டாவதாக, உரையாடலில் கலைச்சொல்லைத் திணியாமலும், கட்டுரையிலும் செய்தியிலும் 'சேர்க்கை' என்னும் பழஞ்சொல்லைத் தொடராமலும் இருத்தல். மூன்றாவதாக, சொல் இல்லை என்று முடிவு கட்டுமுன் தம் மொழியின் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்தல். ரேக்தீயின் சொற்கள் மறைந்து கிடந்து மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. தமிழில் செயலுக்குரிய சொற்கள் மறையவே இல்லை. அவற்றை இவர்களுக்கும் உரியவாக வழங்குவதற்கு இலக்கணத்தில் தடை எதுவும் இல்லை.